நெல்லைக் கடலில் முங்க வருகிறீர்களா? காற்றைப் பார்த்து டிக்கெட் போடுங்கள்

வெளிநாட்டில் இருந்து ஊருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில் வருவார்கள், இல்லையென்றால் டிசம்பரில். பிள்ளைகளுக்கு அப்போதுதான் லீவு. ஆனால் நம் பக்கத்துக் கடலில் ஸ்கூபா (காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு முங்குவது) போக இரண்டுமே தோதில்லை. ஆடியில் மேற்கே இருந்து கச்சான் காற்று அடித்துக் கடல் புரண்டுகொண்டிருக்கும். குற்றாலத்தில் குளிக்க வேண்டிய நேரம் அது. ஐப்பசி முதல் மார்கழி வரை மழை பலத்தால், தாமிரபரணி புன்னைக்காயலில் கலங்கல் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டும். தண்ணீருக்குள் நீட்டிய கைகூடத் தெரியாது. தை பிற்பாதியில் இருந்து பங்குனி வரை வர முடிந்தால் வாருங்கள்.

உவரி, இடிந்தகரை, கூத்தங்குழி எல்லாம் பார்க்க வேண்டிய கரைகள்தான். பவளப்பாறை பார்க்க வேண்டுமென்றால் தூத்துக்குடிக்குத்தான் போக வேண்டும். 1986 வரை அதுவும் திருநெல்வேலி மாவட்டம்தானே! வான் தீவு, காரியச்சல்லித் தீவு பக்கத்துப் பவளப்பாறைகள் ஆழம் குறைந்த இடத்திலேயே இருக்கின்றன. மாஸ்க்கும், மூச்சு விடுகிற ஸ்நார்கெல் குழாயும் போதும், சிலிண்டரே வேண்டாம். ஆனால் அவை மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. 21 தீவுகளாக அறிவிக்கப்பட்டதில் விலாங்குசல்லி கடலுக்குள் போய்விட்டது. வனத்துறை அனுமதி இல்லாமல் அந்தப் பக்கம் போகக் கூடாது. “நான் பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி” என்று யாராவது படகைக் காட்டினாலும் ஏறாதீர்கள்.

ஆழம் வேண்டுமென்றால் கரையில் இருந்து வெகுதூரம் தள்ளி முத்துப் பார்கள், அதாவது முத்துச்சிப்பி கிடக்கிற கடலடிப் பாறைத் திட்டுகள், இருக்கின்றன. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக் குளித்தது 1961இல். சங்கு குளிப்பவர்கள் இன்றும் இறங்குகிறார்கள், கம்ப்ரசரில் இருந்து வரும் குழாயை வாயில் வைத்துக்கொண்டு. அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுக்கிறது, எந்தப் பாரில் தண்ணீர் தெளிந்திருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஆசைப்பட்டு அந்தக் குழாயை மட்டும் வாங்கி வாயில் வைக்காதீர்கள். எண்ணெய்ப் புகை கலந்த காற்று, ஆழம் காட்டும் கருவி கிடையாது, ஏறும் வேகத்துக்குக் கணக்கும் கிடையாது. எத்தனையோ பேர் அதனால் முடங்கியிருக்கிறார்கள்.

அந்தமான் மாதிரி கடைக்குக் கடை சிலிண்டர் வாடகைக்குக் கிடைக்கிற கரை இல்லை இது. ஸ்கூபாவுக்கான அடிப்படைப் பயிற்சியான ஓப்பன் வாட்டர் சான்றிதழை நீங்கள் இருக்கிற ஊரிலேயே முடித்துவிடுங்கள், இல்லையென்றால் புதுச்சேரியில். மாஸ்க்கை உங்கள் முகத்துக்குப் பொருந்துகிற மாதிரி நீங்கள் இருக்கிற ஊரில் இருந்தே கொண்டு வருவது நல்லது.

கடல் அட்டை, கடல் குதிரை, பவளம் எல்லாமே 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. கரையில் செத்து ஒதுங்கிய பவளத் துண்டையும் பெட்டியில் போடாதீர்கள்.

அப்புறம், பயணத் திட்டம். கடைசியாக முங்கி 18 மணி நேரமாவது கழித்துத்தான் விமானம் ஏற வேண்டும். உயரத்தில் காற்றழுத்தம் குறைவதுதான் காரணம், அதனால் மலைக்கும் இதே கணக்குத்தான்: காலையில் கடல், மாலையில் கொடைக்கானல் என்று போடாதீர்கள். கடலை முதல் வாரத்திலேயே முடித்துவிட்டு, அல்வா வாங்குவதையும் அத்தை வீட்டு விருந்தையும் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.