பழைய பாணி பேஸ் கிட்டார் வாங்கும் முன் நெக்கைப் பிடித்துப் பாருங்கள்

பழைய மாடல் பேஸ் என்றதும் எல்லோரும் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். சன்பர்ஸ்ட், ஆமையோட்டு பிக்கார்டு, பளபளக்கும் க்ரோம் மூடி, போதாக்குறைக்கு வேண்டுமென்றே உரித்துவிட்ட பெயின்ட். அதெல்லாம் மேடைக்குக் கீழே நிற்பவருக்கு. வாசிக்கிற உங்களுக்கு நெக்தான், அதாவது விரல்கள் ஓடும் நீண்ட கழுத்துதான் முக்கியம்.

ஃபெண்டர் நிறுவனத்தின் ப்ரெசிஷன் பேஸ் வந்தது 1951-இல். இரண்டாகப் பிரிந்த அந்தப் பிக்கப் (ஸ்ட்ரிங் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) 1957-இல் சேர்ந்தது. அதே நிறுவனத்தின் ஜாஸ் பேஸ் 1960. இரண்டுக்கும் ஸ்கேல், அதாவது ஸ்ட்ரிங் அதிரும் நீளம், 34 அங்குலம்தான், ஆனால் நட் (நெக்கின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் பட்டை) அருகே ஜாஸின் அகலம் சுமார் 38 மில்லிமீட்டர், ஐம்பதுகளின் ப்ரெசிஷனை அப்படியே நகலெடுத்தவற்றில் சுமார் 44. சொல்லும்போது ஆறு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும், அரை மணி நேரம் வாசித்தால் கட்டைவிரல் அடியில் வலி சொல்லிவிடும். கை சின்னது என்றால் 30 அங்குல ஸ்கேலில் வரும் ஹாஃப்னர் வயலின் பேஸ் வகையையும் பாருங்கள். பால் மெக்கார்ட்னி கையில் இருந்தது அதுதான். தோளுக்குப் பஞ்சு மாதிரி இருக்கும். உடம்பு உள்ளே காலி என்பதால் ஆம்ப் சத்தத்தைக் கூட்டினால் ஊளையிடும்.

சரி, கடையில் என்ன செய்வது? ஆம்பில் செருகும் முன்பே, மெல்லிய ஜி ஸ்ட்ரிங்கில் ஐந்து, ஆறு, ஏழாவது ஃப்ரெட்களில் (நெக்கின் குறுக்கே உள்ள உலோகப் பட்டைகள்) ஒவ்வொரு ஸ்வரமாக மீட்டி, அது தானாக அடங்கும்வரை காத்திருங்கள். ஃபெண்டர் வகை நெக்குகளில் அந்த இடத்தில் ஏதாவது ஒன்று சட்டென்று செத்துப்போவது வழக்கம்தான். கொஞ்சம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம், நாலாக எண்ணுவதற்குள் காணாமல் போனால் அடுத்த பேஸை எடுங்கள். அப்புறம் தடித்த ஈ ஸ்ட்ரிங்கை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தி, ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேலே உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு போதும்.

ட்ரஸ் ராட் (நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள் கம்பி) திருகு எந்தப் பக்கம் என்று கேட்க மறக்காதீர்கள். அசல் மாதிரியே செய்கிறேன் என்று சில மாடல்களில் அதை நெக்கின் அடியில், உடம்போடு சேரும் இடத்தில் வைத்திருப்பார்கள். நான் படம் பார்த்தே வாங்கிய ஒன்று அப்படித்தான். கால் சுற்று திருக, ஸ்ட்ரிங்கை எல்லாம் தளர்த்தி, நெக்கையே கழற்றி, மாட்டிப் பார்த்து, போதவில்லை என்று மறுபடி கழற்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போனது. தலைப்பக்கம் திருகு இருப்பதையே வாங்குங்கள், அசல் தன்மை கொஞ்சம் குறைந்தால் குறையட்டும்.

ஜாஸில் இரண்டு வால்யூமையும் முழுசாக வைத்துவிட்டு, பிறகு ஒன்றை மட்டும் குறையுங்கள். ம்ம்ம் என்று ஓர் இரைச்சல் எழும். ஒற்றைச் சுருள் பிக்கப்பின் சுபாவம் அது, பழுது இல்லை.

கடைசியாக ஸ்ட்ரிங். அந்த 'தும்' என்ற பழைய ஒலியில் பாதி ஃப்ளாட்வவுண்ட் (தட்டையான கம்பி சுற்றிய) ஸ்ட்ரிங்கில் இருக்கிறது. அமெரிக்க மோட்டவுன் நிறுவனப் பாடல்களில் கேட்கிற பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் தன் 1962 ப்ரெசிஷனில் ஃப்ளாட்வவுண்டைத்தான் போட்டிருந்தார், அதையும் லேசில் மாற்ற மாட்டார். அதனால் பழைய பேஸ் வாங்கும்போது விற்பவர் "புது ஸ்ட்ரிங் போட்டுத் தருகிறேன்" என்றால், அதில் இருப்பது ஃப்ளாட்வவுண்டா என்று முதலில் தடவிப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் கை வைக்க விடாதீர்கள்.