விஎம்களுக்குள் தேங்கும் மெயிலை ஹோஸ்ட்டுக்குத் திருப்புவது எப்படி

லினக்ஸ் விஎம் (ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) ஒன்றில், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் மூலம் இரவு வேலை ஏதாவது ஓடி, அது பிழை காட்டினால், கிரான் அந்தப் பிழையை அப்படியே, வேலை யார் பெயரில் ஓடுகிறதோ அந்தப் பயனருக்கு, பெரும்பாலும் நிர்வாகியான ரூட்டுக்கு, மெயிலாக அனுப்பிவிடும். ஆனால் அந்த மெயில் விஎம்மை விட்டு வெளியே போவதில்லை, உள்ளேயே ஒரு கோப்பில் சேர்ந்துகொண்டே இருக்கும், அதை யாரும் திறப்பதும் இல்லை. என்னிடம் ஒரு டேட்டாபேஸ் விஎம் இருந்தது. ஒருநாள் அதில் அழிந்துபோன டேபிள் ஒன்றை மீட்கலாம் என்று பேக்கப்பைத் தேடினால், கடைசிக் கோப்பு ஆறு வாரம் பழையது. ரூட்டாக உள்ளே நுழைந்து, அந்த பேக்கப் வேலை ஓடும் பயனரின் மெயிலைத் திறந்தேன். 41 கடிதங்கள், எல்லாவற்றிலும் ஒரே வரி, பேக்கப் டிஸ்கில் இடமில்லை என்று. விஎம் தினமும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, அது என் காதுக்கு வர வழி போடாமல் விட்டது நான். அன்றைக்கு உட்கார்ந்து செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன், ஒரு மாலை நேரம் போதும்.

என் அமைப்பு கேவிஎம் (லினக்ஸில் விஎம்களை ஓட்டும் வசதி), அதன் மேல் லிப்விர்ட் (அவற்றை நிர்வகிக்கும் மென்பொருள்), அது தானாகப் போட்டுக்கொடுக்கும் நேட் நெட்வொர்க். இதில் ஹோஸ்ட்டில், அதாவது விஎம்கள் ஓடும் உண்மைக் கணினியில், விர்பிஆர்0 என்று ஒரு பிரிட்ஜ் (விஎம்களையும் ஹோஸ்ட்டையும் இணைக்கும் மென்பொருள் ஸ்விட்ச்) உருவாகும், அதன் முகவரி 192.168.122.1. விஎம்களுக்கு அதே வரிசையில் 2 முதல் 254 வரை எண்கள் கிடைக்கும். அதாவது எந்த விஎம்முக்கும் ஹோஸ்ட் எங்கே என்பது ஒரே முகவரிதான், மாறாது. விர்ச்சுவல்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் ஹோஸ்ட்-ஒன்லி அடாப்டர் போட்டுக்கொண்டு, நான் 192.168.122 என்று எழுதும் இடங்களில் எல்லாம் 192.168.56 என்று மாற்றிக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதேதான். மெயிலுக்கு இரண்டு பக்கமும் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர்.

முதலில் பெயர். இதைப் பலரும் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள், அப்புறம் எந்த விஎம்மிலிருந்து எந்த மெயில் வந்தது என்று தெரியாமல் திண்டாடுகிறார்கள். ஒவ்வொரு விஎம்முக்கும் முழுப் பெயர் வையுங்கள்: டிபி.ஹோம்.ஆர்பா, வெப்.ஹோம்.ஆர்பா என்கிற மாதிரி. ஹோம்.ஆர்பா என்பது வீட்டு நெட்வொர்க்குகளுக்கென்றே 2018இல் ஒதுக்கப்பட்ட டொமைன், வெளியுலகில் யாருடையதோடும் மோதாது. லோக்கல் என்று முடியும் பெயர் வேண்டாம், அது மல்டிகாஸ்ட் டிஎன்எஸ்ஸுக்கு (ஒரே நெட்வொர்க்கில் உள்ள கருவிகள் தனி சர்வர் இல்லாமல் ஒன்றையொன்று பெயரால் தேடும் முறை) உரியது, பெயர் தேடும்போது குழப்பம் வரும்.

சரி, விஎம் பக்கம். விஎம்முக்கு இங்கே ஒரே வேலைதான்: எந்த மெயிலையும் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் ஹோஸ்ட்டிடம் கொடுத்துவிடுவது. அதில் போஸ்ட்ஃபிக்ஸ் இல்லையென்றால் நிறுவிக்கொள்ளுங்கள். டெபியனில் மெயில் அனுப்பும் நிரல் எதுவுமே இல்லாவிட்டால் கிரான் அந்த வெளியீட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, எறிந்துவிட்டேன் என்று லாகில் ஒரு வரி மட்டும் எழுதும். பிறகு போஸ்ட்ஃபிக்ஸின் அமைப்புக் கோப்பான மெயின்.சிஎஃப்பைத் திறந்து, ரிலேஹோஸ்ட் என்ற வரியில் 192.168.122.1 என்று சதுர அடைப்புக்குறிக்குள் எழுதுங்கள். அந்த அடைப்புக்குறி முக்கியம், எம்எக்ஸ் (ஒரு டொமைனின் மெயில் சர்வர் எது என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவு) தேடாமல் நேராக அந்த முகவரிக்கே போ என்பது அதன் பொருள். மைடெஸ்டினேஷன் என்ற வரியில் சமக்குறிக்குப் பின்னால் ஒன்றும் எழுதாமல் வெறுமையாக விடுங்கள், அப்போதுதான் உள்ளூர் மெயில் பெட்டிக்குப் போகாமல் எல்லாம் வெளியே கிளம்பும். ஐநெட்-இன்டர்ஃபேசஸ் வரியில் லூப்பேக்-ஒன்லி, அதாவது விஎம்முக்கு உள்ளிருந்து வரும் இணைப்பை மட்டும் ஏற்கட்டும். மைஹோஸ்ட்நேமில் விஎம்மின் முழுப் பெயர். மைஆரிஜினில் அந்த மைஹோஸ்ட்நேமையே காட்டுங்கள். இதற்கு ஹோஸ்ட்டின் பெயரைக் கொடுக்கச் சொல்லும் குறிப்புகளும் உண்டு, ஆனால் அப்படிச் செய்தால் அத்தனை விஎம்களின் மெயிலும் ஒரே ரூட்டிடமிருந்து வந்தது போலத் தெரியும்.

ஹோஸ்ட் பக்கம் கொஞ்சம் நிதானமாகச் செய்ய வேண்டியது. மைநெட்வொர்க்ஸ் வரியில் ஏற்கெனவே இருக்கும் லூப்பேக் முகவரிகளோடு 192.168.122.0/24 என்பதை, அதாவது விஎம்களின் மொத்த வரிசையை, சேருங்கள். வீட்டு வைஃபை வரிசையை இதில் சேர்க்காதீர்கள், இந்த வரியில் இருக்கும் எல்லாருக்கும் உங்கள் ஹோஸ்ட் வழியாக யாருக்கு வேண்டுமானாலும் மெயில் அனுப்பும் உரிமை கிடைத்துவிடும். மைடெஸ்டினேஷனில் டிபி.ஹோம்.ஆர்பா, வெப்.ஹோம்.ஆர்பா என்று விஎம்களின் பெயர்களை எல்லாம் எழுதுங்கள், இவர்களுக்கு வரும் மெயிலும் என்னுடையதுதான் என்று ஹோஸ்ட் ஏற்றுக்கொள்ளட்டும். இதை மறந்தால் ஹோஸ்ட் மெயிலை வாங்கிக்கொண்டு, அந்தப் பெயரை டிஎன்எஸ்ஸில் தேடி, கிடைக்காமல் திருப்பி அனுப்பும். அப்புறம், ஒரு பயனரின் மெயிலை இன்னொருவருக்குத் திருப்பும் ஏலியாசஸ் கோப்பில் ரூட்டுக்கு எதிரே உங்கள் பயனர் பெயரை எழுதி, நியூஏலியாசஸ் கட்டளையைக் கொடுங்கள்.

அங்கேயே இன்னொன்றும் பார்த்துவிடுங்கள். விஎம்மில் கிரான் வேலை ரூட்டாக இல்லாமல் போஸ்ட்கிரஸ் பயனராக ஓடினால், மெயில் போஸ்ட்கிரஸ் அட் டிபி.ஹோம்.ஆர்பா என்ற முகவரிக்கு வரும். ஹோஸ்ட்டில் அந்தப் பயனர் இல்லையென்றால், அப்படி ஒருவர் இல்லை என்று 550 எண்ணோடு வாசலிலேயே மறுத்துவிடும். விஎம்களில் என்னென்ன பயனர்களின் பெயரில் வேலை ஓடுகிறதோ அத்தனை பெயரையும் ஹோஸ்ட்டின் ஏலியாசஸில் ரூட்டுக்குத் திருப்பி வையுங்கள். என்னுடைய டேட்டாபேஸ் பேக்கப் இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது, ரூட்டாக மட்டும் சோதித்துவிட்டு எழுந்திருந்தால் முக்கியமான மெயிலே வந்திருக்காது.

இனி, எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இரண்டு இடம். ஹோஸ்ட்டின் ஐநெட்-இன்டர்ஃபேசஸில் 192.168.122.1 என்று குறிப்பாக எழுதத் தோன்றும், பார்க்கப் பாதுகாப்பாகவும் இருக்கும். ஆனால் பூட் ஆகும்போது லிப்விர்ட் அந்த பிரிட்ஜை எழுப்பும் முன்பே போஸ்ட்ஃபிக்ஸ் கிளம்பிவிட்டால், அப்படி ஒரு முகவரியே இங்கே இல்லை என்று சொல்லி மொத்தமாக நின்றுவிடும். நான் ஆல் என்று போட்டுவிட்டு, வெளிப்பக்கத்து 25ஆம் போர்ட்டை ஃபயர்வாலில் மூடி வைத்திருக்கிறேன். சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியில் வரிசையை மாற்றியும் சரி செய்யலாம்தான், ஆனால் பிரிட்ஜ் ஏதோ காரணத்தால் எழாத நாளில் ஹோஸ்ட்டின் சொந்த மெயிலும் அதோடு நின்றுபோகும், அது எனக்குப் பிடிக்கவில்லை. எதைத் தேர்ந்தாலும் இந்த வரியை மாற்றினால் ரீலோட் போதாது, போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்தித் திரும்பத் தொடங்க வேண்டும்.

இரண்டாவது, ஃபயர்வால்டி என்ற ஃபயர்வால் நிரல். ஃபெடோரா வகை ஹோஸ்ட்டுகளில் லிப்விர்ட் தன் பிரிட்ஜை லிப்விர்ட் என்ற பெயரிலேயே ஒரு தனி ஸோனில் (தனி விதிகள் கொண்ட பகுதி) வைக்கிறது. விஎம்களிலிருந்து ஹோஸ்ட்டுக்கு வரும் இணைப்புகளில் டிஎச்சிபி, டிஎன்எஸ், எஸ்எஸ்எச், டிஎஃப்டிபி மாதிரி சிலதை மட்டும் அது உள்ளே விடும், மற்றதை மறுத்துவிடும். விஎம்மிலிருந்து பிங் போகிறது, இணையமும் வருகிறது, மெயில் மட்டும் போகவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான். பப்ளிக் ஸோனில் எஸ்எம்டிபியை (மெயில் போகும் நெறிமுறை) திறந்துவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று தேடாதீர்கள், லிப்விர்ட் ஸோனில் எஸ்எம்டிபி சேவையை நிரந்தரமாகச் சேர்த்து ரீலோட் செய்யுங்கள்.

சோதிக்கும்போது விஎம்மிலிருந்து ரூட்டுக்கு ஒரு மெயில் அனுப்பிவிட்டு அங்கேயே லாகைப் பாருங்கள். ரிலே என்பதற்கு எதிரே 192.168.122.1, போர்ட் 25, ஸ்டேட்டஸ் சென்ட் என்று இருந்தால் விஎம் தன் வேலையை முடித்துவிட்டது, இனித் தேட வேண்டியது ஹோஸ்ட்டின் லாகில். கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட் என்று வந்தால் ஹோஸ்ட்டில் எஸ்எஸ் கட்டளையால் 25இல் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள், 127.0.0.1 மட்டும் இருந்தால் தவறு போஸ்ட்ஃபிக்ஸில், எல்லா முகவரியிலும் கேட்கிறது என்றால் ஃபயர்வாலில். ரிலே ஆக்சஸ் டினைட் என்று வந்தால் மைநெட்வொர்க்ஸ், வேறெதுவும் இல்லை. அப்புறம், நிஜமாகவே தோற்கும் ஒரு கிரான் வேலையை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும்படி வைத்து, மெயில் வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

எதிர்த்திசை, அதாவது ஹோஸ்ட்டிலிருந்து விஎம்முக்கு மெயில், எல்லாருக்கும் தேவைப்படாது. டிக்கெட் மென்பொருள் ஏதாவது விஎம்முக்குள் ஓடி, அதற்கு மெயில் போக வேண்டும் என்றால்தான். அப்போது அந்த ஒரு விஎம்மின் பெயரை ஹோஸ்ட்டின் மைடெஸ்டினேஷனிலிருந்து எடுத்துவிட்டு, எந்தப் பெயருக்கான மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் டிரான்ஸ்போர்ட் மேப்பில் அந்தப் பெயருக்கு எதிரே எஸ்எம்டிபி, பிறகு சதுர அடைப்புக்குறிக்குள் விஎம்மின் முகவரி என்று எழுத வேண்டும். விஎம்மும் வெளி இணைப்பை ஏற்க வேண்டும், தன் பெயரைத் தன் மைடெஸ்டினேஷனில் வைத்திருக்கவும் வேண்டும். இந்தக் கடைசியை மறந்து, விஎம்மின் மைநெட்வொர்க்ஸில் ஹோஸ்ட்டும் இருந்தால், ஹோஸ்ட் விஎம்மிடம் கொடுக்க, விஎம் ரிலேஹோஸ்ட் என்று ஹோஸ்ட்டிடமே திருப்பிக் கொடுக்க, அந்த ஒரு மெயில் 50 தாவல் ஆகும்வரை இரண்டுக்கும் நடுவே பந்தாடப்படும். ஹாப்கவுன்ட்-லிமிட் அதற்குத்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட விஎம்முக்கு நிலையான முகவரியும் வேண்டும், லிப்விர்ட் நெட்வொர்க்கில் அதன் நெட்வொர்க் அட்டையின் மேக் முகவரியோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

ஹோஸ்ட்டுக்கு வந்த மெயிலை உங்கள் போனுக்கும் அனுப்ப வேண்டும் என்றால், ஹோஸ்ட்டிலிருந்து உங்கள் மெயில் சேவைக்கு 587 போர்ட் வழியாகக் கடவுச்சொல்லோடு போக வேண்டும். ஹோம்.ஆர்பா என்று அனுப்புநர் முகவரி இருந்தால் வெளியே அதை ஏற்க மறுப்பார்கள், அதனால் எஸ்எம்டிபி-ஜெனரிக்-மேப்ஸில் அதை உங்கள் உண்மையான முகவரியாக மாற்றுங்கள். கிரான் மெயிலின் தலைப்பிலேயே விஎம்மின் பெயர் இருக்கும், ஆகவே அனுப்புநர் மாறினாலும் எங்கிருந்து வந்தது என்பது தெரியும்.

ஹோஸ்ட்டில் போஸ்ட்ஃபிக்ஸ் நின்றிருக்கும் நேரத்தில் விஎம்மிலிருந்து கிளம்பிய மெயில் தொலையாது. விஎம்மின் வரிசையில் நின்று, 300 நொடியில் தொடங்கி 4000 நொடி வரை இடைவெளி விட்டு விட்டு முயன்றுகொண்டே இருக்கும், இயல்பான கெடு 5 நாள். ஹோஸ்ட்டைச் சரி செய்த கையோடு ஒவ்வொரு விஎம்மிலும் மெயில்க்யூ என்று தட்டி என்ன நிற்கிறது என்று பாருங்கள். நின்றால் போஸ்ட்க்யூ கட்டளையோடு எஃப் என்ற விருப்பத்தைக் கொடுத்தால் காத்திருக்காமல் அப்போதே கிளம்பிவிடும்.