பெரிய வளைவு நிமிரும்போது தோள் ஏறும்: ஸ்கோலியோசிஸ் அறுவையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாராந்திர கேஸ் விவாதத்தில், ஸ்கோலியோசிஸ் எனப்படும் பக்கவாட்டு முதுகெலும்பு வளைவின் எக்ஸ்ரேயைத் திரையில் போட்டதும், இளம் மருத்துவர்கள் பெரிய வளைவின் மேல் அதன் அளவைச் சொல்லும் காப் கோணத்தை வரைந்து, “62 டிகிரி, நான்காவது மார்பு முள்ளெலும்பிலிருந்து ஸ்குரூ போடலாம் சார்” என்று முடித்துவிடுகிறார்கள். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் சொன்னேன் என்பதால், அவர்களைக் கடிந்துகொள்ள வாய் வருவதில்லை. முள்ளெலும்பின் லெவலைத் தவறாக எண்ணுவது, ஸ்குரூவின் நீளம் பிசகுவது போன்றவற்றை, அறுவை அரங்கிலேயே எடுக்கும் சி-ஆர்ம் எக்ஸ்ரே படமே காட்டிக்கொடுத்துவிடும்; அவற்றை இங்கே எழுதப்போவதில்லை.

மேலே உள்ள சிறு வளைவை விட்டுவிடுவது

பதின்பருவத்தினரிடம் பெரும்பாலும் காணப்படுவது வலப்புறம் குவிந்த மார்பு வளைவு. அதற்கு மேலே, கழுத்தின் அடியில், இடப்புறம் குவிந்த சிறிய வளைவு ஒன்று இருக்கும். அது நெகிழ்வானதாக இருந்தால், பெரிய வளைவு நிமிரும்போது தானும் ஓரளவு நிமிர்ந்துகொள்ளும். இறுகியிருந்தால், நாம் கீழே கோணத்தைக் குறைக்கக் குறைக்க இடத்தோள் மேலே ஏறும்.

என்னிடம் அறுவை செய்துகொண்ட பதினான்கு வயதுப் பெண்ணின் வளைவு 60 டிகிரியிலிருந்து 15 ஆகியிருந்ததில் நான் பூரித்துப்போயிருந்தேன். மூன்றாம் மாதம் அவள் பள்ளிச் சீருடையிலேயே வந்தாள்; இரு தோளிலும் ஊசி குத்தி மடித்திருந்த துப்பட்டாவின் இடப்பக்கம் இரண்டு விரற்கடை உயர்ந்து நின்றது. “முதுகுக் கோணலையாவது டிரஸ் மறைச்சுது, இதை எப்படி டாக்டர் மறைக்கிறது?” என்றார் அவளுடைய அம்மா. உறையைப் பிரித்துப் பழைய பெண்டிங் படத்தை (உடலைப் பக்கவாட்டில் வளைக்கச் சொல்லி எடுக்கும் எக்ஸ்ரேயை) தேடினேன். இடப்புறம் வளைத்து எடுத்த அந்தப் படத்திலும் மேல் வளைவு 28 டிகிரிக்குக் கீழே இறங்கியிருக்கவில்லை. 2001இல் லென்கி குழுவினர் வெளியிட்ட வகைப்பாட்டின்படி, 25 டிகிரியும் அதற்கு மேலும் எஞ்சினால் அது தானாக நிமிராத கட்டமைப்பு வளைவு; அதன் முள்ளெலும்புகளையும் சேர்த்தே ஸ்குரூ, ராடு போட்டு இணைத்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டு அதே தழும்பைத் திறந்து, இணைப்பை மேலே நீட்டினேன்.

அறுவைக்கு முன்பே இடத்தோள் உயர்ந்திருந்தால் இரண்டாவது மார்பு முள்ளெலும்பிலிருந்தும், தோள்கள் சமமாக இருந்தால் இரண்டாவதிலோ மூன்றாவதிலோ தொடங்குவதும், மேல் வளைவு தாங்கும் அளவுக்கு மேல் பெரிய வளைவை நிமிர்த்தாதிருப்பதும் இன்று என் வழக்கம். ஆனால் கருத்தரங்குகளில் எத்தனை சதவீதம் கோணம் குறைந்தது என்று பெருமையோடு காட்டுபவர்கள், தோள் தெரியும் ஒளிப்படத்தை அரிதாகவே காட்டுகிறார்கள். எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது அதுதான்.

இடப்புற மார்பு வளைவுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்காதது

எடுத்துவிடுங்கள், தண்டுவடத்துக்குள் நீர்க்குழி இருக்கலாம்.

பக்கவாட்டுப் படத்தைப் பாராதிருப்பது

1960களில் பரவிய ஹாரிங்டன் ராடு என்ற உலோகக் கம்பி வளைவை இழுத்தே நிமிர்த்தியது; பக்கவாட்டில் பார்த்தால் தெரியும் கீழ்முதுகின் இயல்பான உள்வளைவும் அதில் தட்டையானது. கீழ் இடுப்பு வரை அதைப் போட்டுக்கொண்டவர்கள் பலர் பின்னாளில் முன்னோக்கிச் சாய்ந்து நடந்தார்கள்.

சிக்னல் விழுந்த பின் வாதிடுவது

ராடைத் திருப்பியதும், தண்டுவடம் சரியாக இயங்குகிறதா என்று அறுவையின்போது கண்காணிக்கும் மோட்டார் சிக்னல் விழுந்தால், மெஷின் கோளாறா என்று பேசிக்கொண்டே நிமிடங்களைக் கழிக்கக் கூடாது. சராசரி ரத்த அழுத்தத்தை 80க்கு மேல் ஏற்றச் சொல்லி, ஹீமோகுளோபின், உடல் வெப்பம், மயக்க மருந்து ஆகியவற்றைச் சரிபார்க்கும் அதே வேளையில், கடைசியாகச் செய்த திருத்தத்தைத் தளர்த்த வேண்டும். அப்போதும் திரும்பாவிட்டால் ராடைக் கழற்றுங்கள்.