விசுவாசப் பிரமாணத்தைக் கும்மியாக்குவது எப்படி?

படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு விசுவாசப் பிரமாணத்தை, அதாவது கிறிஸ்தவர்கள் எதை நம்புகிறார்கள் என்று சபையில் சேர்ந்து சொல்லும் சுருக்கமான அறிக்கையை, சொல்லிக்கொடுக்கப் போகிறீர்களா? முதலில் மெட்டைப் பிடியுங்கள், வார்த்தை அப்புறம். நடவிலும் கல்யாண வீட்டிலும் அந்த ஊர் ஏற்கெனவே பாடுகிற மெட்டாக இருக்கட்டும். புது மெட்டு போட்டால் அதைப் பழகவே நேரம் போய்விடும், உபதேசம் காதில் ஏறாது. தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கீர்த்தனையோடு நிற்காமல் கும்மி, குறவஞ்சி, நொண்டி நாடகம் என்று ஜனங்கள் வாயில் இருந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டது இதற்காகத்தான். கோவாவில் தாமஸ் ஸ்டீபன்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் அதற்கும் முன்பே, மராத்தியர் பாடும் ஓவி யாப்பில் ஒரு கிறிஸ்து புராணமே எழுதி 1616-ல் அச்சேற்றிவிட்டார்.

ஒரு பாட்டுக்கு ஒரே விஷயம். கேள்வியும் பதிலுமாக எழுதினால் ஒரு வரிசை கேட்க, எதிர் வரிசை பதில் சொல்லும்:

பாரைப் படைத்ததார் சொல்லுங்கடி – அவர்
பேரைத் துதித்தொரு கும்மியடி
மண்ணைப் பிசைந்துயிர் தந்தாரடி – நம்மைக்
கண்ணெனக் காக்கும் பிதாதானடி

பாரை–பேரை, மண்ணை–கண்ணென என்று எதுகை விழுகிறதல்லவா, முதல் வரி வந்தாலே அடுத்தது தானாக நாக்கில் வந்துவிடும். 'சிருஷ்டிகர்' என்று பெயர் வைப்பதைவிட 'படைத்தார்', 'பிசைந்தார்' என்று வினையாகச் சொல்லுங்கள். 'அடி' போடுவதைப் பார்த்துப் போதகர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும், அது இல்லாமல் கும்மி ஏது?

பிதா, குமாரன், ஆவியானவர் மூவரும் ஒரே தேவன் என்கிற திரித்துவத்தில்தான் ஜாக்கிரதை. தண்ணீர், பனிக்கட்டி, நீராவி என்று உவமை எழுதக் கை துறுதுறுக்கும், வேண்டாம். ஒரே ஆள் மூன்று வேடம் போடுகிறார் என்றுதான் மனதில் பதியும், அதைச் சபை ஆதிகாலத்திலேயே தவறென்று தள்ளிவிட்டது. ஜெர்மனியில் சபையைச் சீர்திருத்திய மார்ட்டின் லூத்தர் 1524-ல் இதே பிரமாணத்தைப் பாட்டாக்கியபோது உவமைப் பக்கமே போகாமல் பிதாவுக்கு ஒன்று, குமாரனுக்கு ஒன்று, ஆவியானவருக்கு ஒன்று என்று மூன்று சரணம் வைத்தார், ஒவ்வொன்றும் 'விசுவாசிக்கிறோம்' என்றே தொடங்கும். நீங்களும் அப்படியே செய்து, 'தேவன் ஒருவரே' என்பதைப் பல்லவியில் வையுங்கள், ஏனென்றால் திரும்பத் திரும்ப வருவது அதுதான், சரணம் மறந்தவர்கூடப் பல்லவியை மறக்கமாட்டார்.

மறுவாரம் தாள் இல்லாமல் பாடச் சொல்லிவிட்டு, எந்த வார்த்தையை அவர்களாகவே மாற்றுகிறார்கள் என்று கவனியுங்கள். பொருள் கெடவில்லை என்றால் அவர்கள் வார்த்தையே இருக்கட்டும், கெட்டால் அந்த வரியைத் திருப்பி எழுதுங்கள். பிரமாணத்தில் வரும் 'பரிசுத்தவான்களுடைய ஐக்கியம்' (விசுவாசிகள் எல்லாருக்கும் உள்ள உறவு) மட்டும் எந்த மெட்டிலும் உட்காராது, அதைப் பாட்டு முடிந்தபிறகு டீ குடித்துக்கொண்டே பேசிப் புரியவைத்துக்கொள்ளலாம்.