லயத்து வாசலில் பூச்சிகளுக்கு ஒரு பாத்தி

லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில், கான் (வடிகால்) ஓரத்தில் ஆறடி நீளம், மூன்றடி அகலம் போதும். சரிவுக்குக் குறுக்கே கல் வரிசை வையுங்கள். இல்லாவிட்டால் முதல் பெருமழையிலேயே விதையும் மேல்மண்ணும் கானுக்குள் போய்விடும். உரம் போட வேண்டாம். போட்டால் புல் ஓங்கிக் காட்டுப்பூக்களை அமுக்கிவிடும்.

நடுவில் ஒரு தேசி (எலுமிச்சை), ஒரு கறிவேப்பிலை. இளந்தளிரில் கடுகளவு வெளிர்மஞ்சள் முட்டை தனித்தனியாக ஒட்டியிருக்கும். பிறகு பறவை எச்சம் போல ஒரு புழு தெரியும். நசுக்காதீர்கள், அது வளர்ந்தால் பச்சையாகி, பின் வண்ணத்துப்பூச்சியாகும். நாலு இலை போனால் மரம் சாகாது. தேனுக்குத் துளசியும் தும்பையும் போதும். உண்ணிச்செடியில் பூச்சி மொய்க்கும்தான், ஆனால் அது பரவி மற்றதையெல்லாம் மூடிவிடும்; நடாதீர்கள்.

ஒரு சாண் மண்ணை வெறுமையாக, மிதிபடாமல் விடுங்கள். நீலவரித் தேனீ மண்ணுக்குள்தான் கூடு தோண்டும். குழலுக்குள் கூடு வைக்கும் தேனீக்களுக்கு மூங்கில் குழல் கட்டுவதானால் துளை 6 முதல் 8 மில்லிமீற்றர், ஆழம் 15 சென்றிமீற்றர், பின்பக்கம் கணுவால் அடைபட்டிருக்க வேண்டும். காலை வெயில் பார்த்துக் கூரைக்கடியில் கட்டுங்கள். நம் பனிமூட்டத்தில் நனைந்த குழலுக்குள் பூஞ்சணம் பிடித்துக் குஞ்சு செத்துப்போகும்.

தேயிலைக்கு மருந்தடிக்கும் நாளில் காற்று வரும் பக்கம் சாக்கைக் கட்டி மறையுங்கள்.