ஓமானில் முதல் ஹஜ்ஜுப் பெருநாளா? நம் ஆட்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

வேலைக்காக மஸ்கட் போகிறவர்களுக்கு முதல் ஹஜ்ஜுப் பெருநாள் (பக்ரீத்) பெரும்பாலும் சப்பென்றுதான் போகும். தெருவெல்லாம் கூட்டமும் கலகலப்புமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு மஸ்கட்டின் ருவிப் பகுதியில் அறையை விட்டு இறங்கினால் கடைகள் பாதி பூட்டியிருக்கும், சாலையில் ஈ காக்கா இருக்காது. “இங்கே பெருநாளே இல்லைப்பா, எல்லாரும் தூங்குறாங்க” என்று ஊருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டுத் திரும்பப் படுத்துவிடுகிறார்கள். பெருநாள் நடக்கிறது, ஆனால் மஸ்கட்டில் இல்லை. நிஸ்வா, பஹ்லா, இப்ரா, சினாவ், ருஸ்தாக், சூர் என்று அவரவர் சொந்த ஊரில் நடக்கிறது. தலைநகரில் வேலை பார்க்கும் ஓமானிகள் முந்தின நாளோ அதற்கும் முன்போ குடும்பத்தோடு வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். ஆகவே கூட வேலை செய்யும் ஓமானி ஒருவர் “எங்க ஊருக்கு வா” என்று கூப்பிட்டால் சும்மா மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்துத் தட்டிக்கழிக்காதீர்கள். இரண்டாம் தடவையும் கூப்பிட்டார் என்றால் நிஜமாகவே கூப்பிடுகிறார் என்றுதான் அர்த்தம்.

போவதற்கு முன்னால் தேதியைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். நோன்புப் பெருநாள் முந்தின இரவு வரை நிச்சயமில்லாமல் இருக்கும், அதே கணக்கை இதற்கும் போட்டு டிக்கெட் எடுக்காமல் கடைசி வரை இழுத்தடிக்கிறவர்கள் நிறைய. ஹஜ்ஜுப் பெருநாள் துல்ஹஜ் மாதத்தின் பத்தாம் நாள் என்பதால் மாதம் பிறக்கும் பிறையைப் பார்த்த அன்றே தேதி உறுதியாகிவிடும், அதற்குப் பிறகு பத்து நாள் கையில் இருக்கும். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: துபாய்க்காரர் சொன்ன தேதியை நம்பி மஸ்கட்டில் திட்டம் போடுவது. ஓமான் பிறையைத் தானே பார்த்து முடிவு செய்யும் நாடு. 2024இல் சவூதியிலும் அமீரகத்திலும் ஜூன் 16 அன்று பெருநாள், ஓமானில் ஜூன் 17. அந்த வருடம் தமிழ்நாட்டிலும் 17தான். அடுத்த வருடம் ஓமான் சவூதியோடு சேர்ந்து ஜூன் 6 என்று அறிவிக்க, நம்மூரில் 7. ஊரில் குர்பானி (பெருநாளுக்கு ஆடு, மாடு அறுத்துப் பலி) கொடுக்கச் சொல்லிப் பணம் அனுப்புகிறவர்கள் இதை வீட்டில் சொல்லி வைப்பது நல்லது. அரசு விடுமுறை துல்ஹஜ் 9 முதல் 12 வரை. நம் கம்பெனிக்கும் அப்படியே கிடைக்கும் என்று நினைக்காமல் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் பத்து நாளில் செய்கிற சின்னச் சின்னத் தவறுகள் தனி. எப்போதும் டிரிம்மாக வரும் ஆள் தாடி மண்டி, நகம் வளர்ந்து வருவார். “என்ன ஆச்சு, உடம்பு சரியில்லையா?” என்று நாலு பேர் முன்னால் கேலி பேசாதீர்கள். குர்பானி கொடுக்க நினைத்திருப்பவர்களில் பலர் மாதம் பிறந்ததிலிருந்து அறுக்கும் வரை முடியும் நகமும் வெட்டமாட்டார்கள். ஒன்பதாம் நாள் அரபா தினம், ஹாஜிகள் அரபா திடலில் நிற்கும் நாள். ஹஜ்ஜுக்குப் போகாதவர்களில் நிறையப் பேர் அன்றைக்கு நோன்பு வைத்திருப்பார்கள், அதனால் “ரமலான்தான் முடிஞ்சிடுச்சே, டீ குடிங்க” என்று வற்புறுத்த வேண்டாம். பெருநாளன்று இதையே திருப்பிப் போட்டு, “முப்பது நாள் நோன்பு எப்படி இருந்தது?” என்று கேட்கிற ஆட்களும் இருக்கிறார்கள். அது வேறு பெருநாள் ஐயா. இது இப்ராஹீம் நபி தன் மகனை இறைவனுக்காகப் பலியிடத் துணிந்ததையும், மகனுக்குப் பதிலாக ஓர் ஆடு வந்ததையும் நினைத்துக் கொண்டாடுவது. இந்த அளவு தெரிந்தால் போதும், யாரும் பரீட்சை வைக்கப்போவதில்லை.

பெருநாளுக்கு முந்தைய சில நாட்களில் உள்நாட்டு ஊர்களில் கூடும் சந்தைக்கு ஹப்தா என்று பெயர். ஊருக்கு ஒரு நாள். விடிந்ததும் கூடும், வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். ஒன்பது மணிக்குக் கிளம்பலாம் என்று நினைத்தால் வெறும் மைதானத்தைத்தான் பார்ப்பீர்கள். ஆட்டைப் பிடித்துக்கொண்டு வட்டமாகச் சுற்றி வருவார்கள், தரகர் விலை கூவிக்கொண்டே வருவார், சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் ஆட்டை நிறுத்தி வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள், முதுகைத் தடவுவார்கள், பேரம் படியாவிட்டால் விட்டுவிடுவார்கள். பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும். ஆனால் நம் ஆட்கள் செல்ஃபி எடுக்க அந்த வட்டத்துக்குள்ளேயே இறங்கிவிடுகிறார்கள். நடக்கிற வழியை மறிப்பது ஒரு தவறு, வாங்கும் எண்ணமே இல்லாமல் விலை கேட்டுக் கிண்டுவது இன்னொன்று. இவற்றைவிடப் பெரிய தவறு, ஆடு விற்க வந்திருக்கும் முகமூடி அணிந்த பதூயின் (பாலைவன நாடோடி) பெண்களைக் கேட்காமல் போட்டோ எடுப்பது. அனுமதியில்லாமல் எடுத்தால் சண்டையோடு முடியாது, சட்டப்படியும் அது குற்றம்.

அங்கேயே குர்பானி கொடுக்க நினைக்கும் முஸ்லிம் நண்பர்களுக்கு ஒன்றிரண்டு. உள்ளூர் ஆடு விலை அதிகம், சோமாலியாவிலிருந்து இறக்குமதியாகும் ஆடு மலிவு, அதனால் சந்தையில் கேட்ட முதல் விலையில் அரண்டுபோகாதீர்கள். வாங்கிய ஆட்டை அபார்ட்மெண்ட் மொட்டை மாடியிலோ ஓடைப் பக்கமோ அறுப்பது, சாலையோரம் கத்தியோடு நிற்கும் யாரோ ஒருவரைக் கூட்டிவருவது, இந்த இரண்டுக்கும் நகராட்சி வருடா வருடம் எச்சரிக்கை விடுகிறது. நகராட்சி அறுப்புக் கூடத்தில் கூட்டம் இருக்கும்தான், ஆனால் அங்கே கால்நடை மருத்துவர் பார்த்து அனுப்புவார். பெருநாள் தொழுகைக்கு முன்னால் அறுத்தால் குர்பானியில் சேராது. அறுப்பவருக்குக் கூலியைக் காசாகக் கொடுங்கள், கறியையோ தோலையோ கூலியாகக் கழிக்கக் கூடாது. இதெல்லாம் ஊரிலேயே தெரிந்த விஷயங்கள்தான், அவசரத்தில் மறந்துபோகிறது.

சரி, அழைத்த வீட்டுக்குப் போகிறீர்கள். எந்த நாள் போவது என்று கேட்டுவிட்டுப் போங்கள், ஏனென்றால் இது ஒரு நாள் விருந்து இல்லை. ஊருக்கு ஊர் வரிசை மாறும், பொதுவாக இப்படி: முதல் நாள் காலை அர்சியா. அரிசியையும் கறியையும் குழைய வேகவைத்துக் கடைந்தது, நம்மூர் நோன்புக் கஞ்சியைக் கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டியாக்கினால் எப்படியோ அப்படி. தொழுகை, உறவினர் சந்திப்பு, அறுப்பு, ஈரலும் கறியும் வறுத்த மக்லி. அடுத்து மிஷ்காக், குச்சியில் கோத்துக் கரியில் சுடுவது. அப்புறம் ஷுவா. முதல் நாளே போய் “ஷுவா எங்கே?” என்று கேட்பது எல்லோரும் செய்கிற தவறு. அது அப்போது மண்ணுக்குள் இருக்கும்.

ஷுவாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கொத்தமல்லி, சீரகம், மிளகு, ஏலம், கிராம்பு, பூண்டு, மிளகாய், வினிகர் எல்லாம் சேர்த்து அரைத்துப் பெரிய பெரிய துண்டுகளில் தடவி ஊறவைத்து, வாழையிலையில் சுற்றி, பேரீச்ச ஓலையில் முடைந்த பைக்குள் வைத்துக் கட்டுகிறார்கள். ஊர்ப் பொதுவில் ஒரு குழி அடுப்பு இருக்கும். அதில் விறகை எரித்துத் தணலாக்கி, பல குடும்பங்களின் பைகளையும் ஒன்றாக உள்ளே போட்டு, மூடியைப் போட்டு மண்ணால் காற்றுப் புகாமல் அடைத்துவிடுவார்கள். புகை கசிந்தால் ஓடிப்போய் மண் அள்ளிப் போடுவார்கள். ஒரு நாள், சில இடங்களில் இரண்டு நாள். எந்தப் பை யாருடையது என்று தெரிய ஒவ்வொரு வீட்டாரும் கம்பியோ வேறு அடையாளமோ கட்டியிருப்பார்கள். திறக்கும் நேரத்தில் ஊரே கூடி நிற்கும். அந்த நேரத்துக்குப் போக முடிந்தால் விட்டுவிடாதீர்கள், ஆனால் குழியை ஒட்டிப் போய் எட்டிப் பார்க்காதீர்கள். உள்ளே இன்னும் நெருப்பு இருக்கும்.

ஆடு அறுப்பதைப் பார்க்க வேண்டும் என்று உங்களை யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். பிடிக்கவில்லை என்றால் பெரியவர்களோடு உள்ளே உட்கார்ந்திருக்கலாம், யாரும் தப்பாக நினைக்கப்போவதில்லை. அங்கே போய் நின்றுகொண்டு முகத்தைச் சுளிப்பதும் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுவதும்தான் சங்கடம். அவர்களுக்கு அது வழிபாடு, பிஸ்மில்லாஹ் அல்லாஹு அக்பர் சொல்லி அறுப்பது. உங்கள் ஸ்டேட்டஸில் ஊரிலிருக்கும் யாராவது எழுதும் கமெண்டை அந்த வீட்டுப் பையன் மொழிபெயர்த்துப் படித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் போகலாமா? தாராளமாகப் போகலாம். ஆனால் அழைக்கும்போதே சொல்லிவிட வேண்டும். தட்டு வந்த பிறகு சொன்னால் வீட்டுக்காரர் பதறிப்போவார், அந்த வீட்டில் நாலு பேர் உங்களுக்காக அலைவார்கள். முன்கூட்டியே சொன்னால் பழம், பேரீச்சை, ரொட்டியும் தேனும், ஹல்வா என்று வயிறு நிறைந்துவிடும். வயிறு சரியில்லை, டாக்டர் வேண்டாம் என்றார் என்று பொய் சொல்லாதீர்கள், அடுத்த வருடமும் அதே பொய்யைச் சொல்ல வேண்டியிருக்கும்.

விருந்தினரை உட்காரவைக்கும் கூடமான மஜ்லிஸில் ஆண்கள் தனி, பெண்கள் தனி. மனைவியோடு போனால் அவர் பெண்கள் பக்கம் போய்விடுவார், அரைமணிக்கொரு தரம் அவரைத் தேடி எட்டிப் பார்க்காதீர்கள். நுழைந்ததும் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் சலாம் சொல்லிக் கை கொடுக்க வேண்டும், தெரிந்தவருக்கு மட்டும் கொடுத்துவிட்டு மூலையில் உட்காருவது அழகில்லை. பெண்கள் கை நீட்டினால் ஒழிய நாமாக நீட்டக் கூடாது. தரையில் உட்காரும்போது பாதம் யாரையும் பார்க்காமல் மடக்கிக்கொள்ளுங்கள். பெரிய தாம்பாளத்தில் சேர்ந்து சாப்பிடும்போது உங்கள் எதிரில் இருப்பதை மட்டும், வலது கையால். நல்ல துண்டுகளை வீட்டுக்காரரே எடுத்து உங்கள் பக்கம் போட்டுக்கொண்டே இருப்பார்.

கஹ்வாவில்தான் நம் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பிடியில்லாத சின்னக் கோப்பையில் ஏலக்காய் மணக்க, சீனியில்லாத காபி. குடித்துவிட்டுக் கோப்பையைச் சும்மா நீட்டினால் மறுபடி ஊற்றுவார்கள், மறுபடி நீட்டினால் மறுபடி. போதும் என்றால் கோப்பையை லேசாக இரண்டு தரம் ஆட்டிக் கொடுக்க வேண்டும். ஒன்று கூடக் குடிக்காமல் மறுப்பதுதான் மனத்தாங்கல் தரும். ஊற்றுகிற பையன் நின்றுகொண்டேதான் இருப்பான், உட்காரச் சொல்லி இழுக்காதீர்கள்.

பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சில்லறை நோட்டு எடுத்துப் போங்கள். 100 பைசா, 500 பைசா நோட்டுகள் போதும் (அங்கே ஆயிரம் பைசா ஒரு ரியால்), நெருங்கிய குடும்பம் என்றால் ஒரு ரியால். இருபது ரியால் நோட்டை நீட்டிப் பெருமை காட்டினால் அந்த வீட்டார் உங்கள் பிள்ளைக்கு அதைவிடப் பெரிதாகத் திருப்பிக் கொடுக்க வேண்டிய கட்டாயம் வந்துவிடும்.

எப்போது கிளம்புவது என்ற குழப்பத்துக்கு வழி இருக்கிறது. சாம்பிராணிபோல புகூர் புகையும் பன்னீரும் கடைசியில் வரும். அது வந்து சுற்றி முடிந்தால் விருந்து முடிந்தது. அதற்குப் பிறகும் சாய்ந்து உட்கார்ந்து ஆபீஸ் கதை பேசுகிற ஆளாக இருக்காதீர்கள், அவர்களுக்கு அடுத்த உறவினர் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும்.

கிளம்பும்போது ஒரு பையில் பச்சைக் கறி கட்டித் தருவார்கள். குர்பானிக் கறியில் உறவுக்கும் அண்டை அயலாருக்கும் ஏழைகளுக்கும் பங்கு உண்டு, முஸ்லிம் அல்லாதவருக்கும் கொடுக்கலாம், அதனால் கூச்சப்படாமல் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் சாப்பிடாவிட்டால் அங்கேயே நன்றி சொல்லி, இதைச் சாப்பிடும் யாருக்காவது கொடுங்கள் என்று சொல்லிவிடலாம், வாங்கிப் போய்க் குப்பையில் போடுவது மட்டும் கூடாது. இப்போதெல்லாம் பெருநாள் நல்ல கோடையில் வருகிறது, நிஸ்வாவிலிருந்து மஸ்கட் வர ஒன்றரை மணி நேரமாவது ஆகும், விடுமுறை கடைசி நாள் மாலை என்றால் இன்னும் கூட. வண்டியின் டிக்கியில் கறியைச் சும்மா போட்டுவைத்தால் வீடு வருவதற்குள் கெட்டுவிடும். காலையில் கிளம்பும்போதே ஐஸ் பெட்டி ஒன்றை வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.