பம்பைக் கழற்றுவதற்கு முன்னால்

"பழைய டீசல் வண்டிதானுங்க, இதுல ஏது கம்ப்யூட்டர்?" பொள்ளாச்சிப் பக்கம் செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போனால் இந்தப் பேச்சு கட்டாயம் காதில் விழும். பாதிதான் உண்மை.

வருஷத்தை வைத்து முடிவு செய்வதுதான் முதல் தவறு. 2002-ல் வந்த ஆக்சென்ட் சிஆர்டிஐயில் டீசல் எப்போது, எவ்வளவு போக வேண்டும் என்பதை ஈசியு, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், தீர்மானிக்கிறது. அதற்குப் பிறகும் விற்ற சாதா டீசல் இண்டிகாவில் அந்த வேலையைச் செய்வது டீசல் பம்புக்குள் சுழலும் கவர்னரும் (வேகத்துக்கு ஏற்ப டீசலைக் கூட்டிக் குறைக்கும் பாகம்) ஸ்பிரிங்கும். பானெட்டைத் திறந்து, எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைப் பாருங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒயர் சாக்கெட் இருந்தால் காமன் ரெயில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் ஈசியு வண்டி. வெறும் பைப் மட்டும் என்றால் பெரும்பாலும் மெக்கானிக்கல்.

சரி, மெக்கானிக்கல் என்றால் ஒயரே கிடையாதா? அப்படி நினைத்துத்தான் நாங்கள் ஏமாந்தோம். பல்லடம் தாண்டிப் போகையில் மாமாவின் வண்டி பொசுக்கென்று நின்றுவிட்டது. டேங்கில் டீசல் இருந்தது. பம்பைக் கழற்றி, கோயமுத்தூருக்குக் கேலிபரேஷனுக்கு (டீசல் அளவைச் சரிபார்த்துத் திருத்த) அனுப்பி, பணம் கட்டி, திரும்ப மாட்டியும் ஸ்டார்ட் ஆகவில்லை. அப்புறம் பார்த்தால், பம்பின் மேலுள்ள சொலினாய்டுக்கு (கரண்டில் வேலை செய்யும் வால்வு) போகும் ஒற்றை ஒயரின் முனை பச்சை பூத்துக் கிடந்தது!

டீசல் எஞ்சினை நிறுத்த, துண்டிப்பதற்கு அதில் ஸ்பார்க் கிடையாது. டீசலைத்தான் அடைக்க வேண்டும். சாவியை ஆன் செய்தால் சொலினாய்டு வழியைத் திறக்கும், கரண்ட் போனால் மூடிவிடும். அதனால் சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல், பம்பருகே காது கொடுங்கள். 'டிக்' என்று கேட்கவில்லையா? முதலில் ஃப்யூஸையும் ஒயரையும் பாருங்கள். கேபிளை இழுத்து நிறுத்தும் பழைய ஜீப்புகளுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

அடுத்தது ஆபத்தான தவறு. ஏர்லாக், அதாவது டீசல் பைப்பில் சிக்கிய காற்றை, எடுக்க இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்தி செல்ஃப் அடிப்பது பழைய பட்டறைப் பழக்கம். காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது. எஞ்சின் ஓடும்போது ரெயிலில் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டலாம். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய அளவுக்குத்தான் தெரியும், ஆனாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஈசியு உள்ள வண்டிக்கு வெல்டிங் வைக்கும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றச் சொல்லுங்கள். ஜீப்பில் பழகிய கை அதை மறந்துவிடும்.